மணிக்குக் காது இல்லாதவள்

கொரோனாவுக்கு அப்புறம் என் மூக்கு திரும்பி வரவே இல்லை.
ரசம் தீய்வதைப் புகை பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.
உனக்கு அது வசதி அம்மிணி என்பார் எங்கள் சூப்பர்வைசர்,
சாயத்தண்ணி வாடை தெரியாமல்
ஒரு நாளைக்கு எழுநூறு பனியன் செக்கிங் பார்க்கிறாயே.
பிசிறு, ஓட்டை, எண்ணெய்க் கறை:
எல்லாம் கண்ணுக்கு வந்து சேர்ந்த வேலை.

வேலம்பாளையத்தில் லைன் வீடு, ஒன்பதாவது கதவு.
மூலையில் அஞ்சு கிலோ சிலிண்டர்.
அதற்குள் தண்ணியாய்க் கிடக்கிறாய், பியூட்டேன்,
உன் கூட்டாளி புரொப்பேனைக் கட்டிக்கொண்டு.
அமுக்கினால் தண்ணி, விட்டால் ஆவி.
ஐஸ் உறையும் குளிரில்தான் தானாக அடங்குவாயாம்.
திருப்பூர் மார்கழிக்கு
நீ எங்கே அடங்க?

உனக்கென்று ஒரு வாடை கிடையாது.
அழுகின முட்டைக்கோஸ் நாத்தம் ஒன்றை
நாங்கள்தான் ஏற்றி அனுப்புகிறோம்,
காட்டுக்குப் போகிற மாட்டுக்கு
மணி கட்டி விடுகிற மாதிரி.

அன்றைக்கு மணி அடித்தது.
எனக்குத்தான் காது இல்லை.

ஒன்றரை ஷிப்டு முடித்து ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் திறந்து
சுவிட்சுக்குக் கை நீட்டுகிறேன்,
மணிக்கட்டில் ஒரு பிடி.
பக்கத்துக் கதவு சஞ்சுக்தா. ஒடிசாக்காரி, ஓவர்லாக் டெய்லர்.
அவளுக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தை,
சம்பளம், பீஸ், லீவு, நாளைக்கு இப்படி.
அதில் தேடி ஒன்றை எடுத்தாள்: "நாத்தம்."
பிறகு பல்பைக் காட்டி
மூடிய விரல் ஐந்தையும் என் முகத்துக்கு நேரே
படாரென்று விரித்தாள்.

காற்றை விட ரெண்டு பங்கு கனம் நீ.
மேலே ஏறிப் போகத் தெரியாது உனக்கு.
பாயை நனைக்காமல் நனைத்து,
கட்டிலுக்கடியில் தேங்கி,
வாசப்படி மூணும் இறங்கி
சாக்கடையோரமாய்ப் போயிருக்கிறாய், யாரும் பார்க்காத வெள்ளம்.
நூற்றில் ரெண்டு பங்கு சேர்ந்தால் பொறி ஒன்று போதும்.
பத்துப் பங்கானால் எரிய மாட்டாய்,
படுத்திருப்பவனின் மூச்சுக்கு இடம் தர மாட்டாய்.
(இதெல்லாம் மறுநாள் ஏஜென்சி அங்கமுத்து சொன்னது.
அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது
அவள் விரல் ஐந்துதான்.)

சாக்கடை முனையில், ஸ்டூலில், வாட்ச்மேன் குப்புராசு.
உதட்டில் பீடி. கையில் பத்து ரூபாய் லைட்டர்.
தெருவிளக்கு வெளிச்சத்தில் அதன் நீல வயிற்றுக்குள்
அரை விரற்கடை ஆடிக்கொண்டிருந்ததும் நீ.
அடைபட்ட நீயும் அவிழ்ந்துவிட்ட நீயும் சந்திக்க
ஒரு கட்டைவிரல் அசைந்தால் போதும்.

"அண்ணா, வேண்டாங்ணா! பத்த வெக்காதீங்!"

லைன் முழுக்கக் குழந்தைகள் எழுந்துகொண்டு அழுதன.
குப்புராசண்ணன் பீடியைக் கிட்டத்தட்ட விழுங்கிவிட்டார்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இருட்டில் நுழைந்து
ரெகுலேட்டரைத் திருகி மூடினவள் சஞ்சுக்தாதான்.
நான் போகிறேன் என்றதற்குத் தலையாட்டி மறுத்து
என் மூக்கைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள்.
கதவு ஜன்னலெல்லாம் திறந்து போட்டுவிட்டு
விடியும் வரை மெயின் ரோட்டில் நின்றோம், பதினெட்டுப் பேர்.
ஃபேன் போட்டு விரட்டலாம் என்றான் ஒரு பையன்;
அவனை யாரும் உள்ளே விடவில்லை.

ட்யூபில் எலிப்பல் பட்ட ஓட்டை.
ஊசி ஓட்டை.
பனியனில் இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

புது ட்யூப் மாட்டியாயிற்று.
காலையில் அதே நீ நீலமாய் எரிந்து டீ வைக்கிறாய்,
தப்பே செய்யாதவன் மாதிரி.
கம்பெனியில் தையல் மெஷினுக்கு அடிக்கிற ஸ்ப்ரே டப்பாவில்
சிலிக்கானைத் தள்ளிவிடுவதும் நீயென்று படித்தபின்
அதை வெயில் படாத இடத்தில் எடுத்து வைக்கிறேன்.

ராத்திரி படுக்கும் முன்
சோப்புத் தண்ணியைப் பழைய பிரஷ்ஷில் தொட்டு
ட்யூப் நெடுகத் தடவி, குனிந்து, குமிழ் வருகிறதா என்று
பனியன் பார்க்கிற கண்ணால் பார்ப்பேன்.
பிறகு சுவரில் தட்டுவேன்.
அவள் எழுந்து என் வாசலுக்கு வந்து
மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும்.
திரும்பிப் போய், அந்தப் பக்கமிருந்து ரெண்டு தட்டு.
பதினோராவது வார்த்தை அது.
இன்றைக்கு அவளுக்கு நைட் ஷிப்டு.
குமிழ் ஒன்றும் வரவில்லை.
இன்னொரு தரம் தடவிப் பார்க்கிறேன்.